பருப்பு அவிகிற குசினி

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பைப் பையில் முடிந்துகொண்டு போவேன். என் மனுசனுக்கு அது பெரிய வெட்கம். "கலியாண வீட்டுக்குப் போனாலும் இவள் பருப்போடதான் போவாள்" என்று என் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். மன்னாரில் வீடு வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்களோ இல்லையோ, தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நாக்கு இல்லை. முகாம்களில் மருந்து மணக்கும் தண்ணீரைக் குடித்துக் குடித்து அது கெட்டுப்போய்விட்டது. பருப்பு பொய் சொல்லாது. உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லுப்போலக் கிடக்கும்.

சண்டை முடிந்து நாலாவது வருஷம் அது. எங்கள் ஊர்க் காணி இன்னும் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. தாழ்வுபாடு கிராமத்தில் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். அண்ணனின் மனைவி, என் மச்சாள், நல்லவள். அதுதான் கஷ்டம். நான் கழுவி வைத்த சட்டியை ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திரும்பக் கழுவுவாள். மடுவில் மரத்தடியில் மூன்று கல்லு, மண்டபம் முகாமில் தகர அடுப்பு, செட்டிகுளத்தில் எல்லாருக்கும் ஒரே கிடாரம் என்று அதுவரை பதினோரு குசினி கண்டுவிட்டேன். ஒன்றிலாவது உப்புப் போத்தலை நான் நினைத்த இடத்தில் வைத்ததில்லை.

அன்று பார்த்தது ஆறாவது வீடு. டவுனில், கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நாலு குடும்பம் இருக்கிற மாடிக் கட்டடம். மேல் வீட்டை விற்கிறவள் என்னைவிட இளையவள். புருஷன் வெளிநாட்டில், அவளுக்கும் விசா வந்திருந்தது. படியேறவே எனக்கு மூச்சு வாங்கியது.

"மாடியில இருந்துகொண்டு என்னண்டு மீன் வெட்டுறது?" என்று முணுமுணுத்தேன்.

"கத்தியாலதான்," என்றார் பின்னால் வந்த என் மனுசன்.

குசினி சின்னது. இரண்டு பேர் நின்றால் ஒருவர் வயிற்றை உள்ளே இழுக்கவேண்டும். அலுமாரிக் கதவு ஒன்று தொங்கியது. புகை போக ஒரு சின்ன யன்னல். ஆனால் அடுப்பு மேடை என் இடுப்புக்குச் சரியான உயரம். இத்தனை வருஷமும் குந்தியிருந்து சமைத்தவளுக்கு அது ஒன்றே போதும். அந்த இடத்திலேயே மனம் விழுந்துவிட்டது. அதை மறைக்கப் பைப்பை இரண்டு தரம் திறந்து மூடினேன்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. ஒருக்கா காஸை மூட்டி இந்தப் பருப்பை அவிச்சுப் பார்க்கலாமோ?"

அவள் முகம் மாறியது. என்றாலும் சட்டி எடுத்துத் தந்தாள். இவர் தலையில் கை வைத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பருப்பு அவிந்தது. கரண்டி பட்டதும் குழைந்தது. "மாதாவே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளோ அழத் தொடங்கினாள்.

"அக்கா, இது காசு குடுத்துப் பவுசர் லொறியில எடுப்பிச்ச தண்ணி. நீங்கள் வாறியள் எண்டு காலமைதான் மேல் டாங்கியில நிரப்புவிச்சனான். வழமையா வாறது உப்புத்தான். எங்களுக்கும் இப்பிடிக் காட்டித்தான் வித்தவை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் வாய்க்குத் தெருவே கூடியிருக்கும். வரவில்லை. ஏழாவது வீடு, எட்டாவது வீடு, மச்சாள் திரும்பக் கழுவுகிற சட்டி எல்லாம் நினைவில் வந்தன. மேடையில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"இவருக்குச் சொல்லாதேங்கோ," என்றேன்.

"அக்கா?"

"குடிக்கிற தண்ணியை வேற இடத்தில சைக்கிள்ல போய் எடுக்கலாம். சொல்லாதேங்கோ, பிள்ளை."

படியிறங்கும்போது இவர் கேட்டார், "என்னவாம் உன்ர பருப்பு?"

"பூப்போல அவிஞ்சுது. இதையே எடுப்பம்."

இருபது வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. வீடு எங்கள் பேருக்கு வரும்வரை அவர் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரவில் அவர் திரும்பிப் படுத்தாலே கண்டுபிடித்துவிட்டாரோ என்று விழித்துக்கொள்வேன்.

குடிவந்த அன்று பின்னேரம் பைப்புத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என் வாய்க்கே கரித்தது. அவர் ஒரு மிடறு குடித்தார். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தார். எனக்குத் தாங்கவில்லை. எல்லா உண்மையையும் சொல்லிக் கொட்டிவிட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும். அண்டைக்கு நாங்கள் போகேக்க கேற்றடி மணல்ல பவுசர்த் தடம் ஈரமாக் கிடந்தது. நீ கண்டிட்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயந்துதான் கதை குடுத்துக் கூட்டிக்கொண்டு போனனான். எனக்கு இன்னொரு வீடு பார்க்க ஏலாதப்பா."