மாங்குளத்துக்கு எழுதிய கடிதம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், எங்கள் குசினி மேசைதான் வன்னிப் போர்முனை. ஞாயிறு பூசை முடிந்ததும் என் கணவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இறைச்சிக் கடை தந்த கலண்டரின் பின்பக்கத்தில், வவுனியாவிலிருந்து வடக்கே போகும் கண்டி வீதியை வரைந்து வைத்திருந்தார்கள். அதன்மேல் வைக்கிற கொண்டைக்கடலை இலங்கை ஆமி, பயறு புலிகள் இயக்கம். கிழமை முழுக்க இத்தாலிய எசமானிகளான சின்யோராக்களின் வீடுகளில் தரை துடைத்த மனிதர்கள் அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு ஜெனரல்கள். ஒருவர் லண்டனுக்கு டெலிபோன் எடுத்துச் செய்தி கேட்டுவிட்டு, "ஆமியைப் புளியங்குளத்திலை மறிச்சுப்போட்டாங்கள்!" என்று கத்துவார். பொய் சொல்வானேன், கோப்பி ஊற்றுகிற சாட்டில் நானும் அங்கேயேதான் நிற்பேன்.

அந்த நாட்களில்தான் தங்கையின் கடிதம் வந்தது. புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகளோடு அதே கண்டி வீதியில், மாங்குளத்தில் இருந்தாள்.

"அக்கா, ஆமி கிட்ட வாறான் எண்டு சனம் கதைக்குது. ரேடியோவுக்கு பற்றரி இல்லை. கிழக்கை ஒட்டுசுட்டானுக்குப் போறதோ, மேற்கை மல்லாவிக்குப் போறதோ? உங்களுக்குத்தான் செய்தி தெரியும். நீங்கள் சொன்னால் கேப்பன்."

அந்தக் கடிதம் என் கைக்கு வர ஒன்றரை மாதம் எடுத்திருந்தது. பதில் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மாதம். ஆமி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு எங்கே நிற்கும் என்று தெரியவேண்டும்.

"கிழக்கை முழுக்கக் காடு. காட்டுக்குள்ளாலை ஆமி வராது. ஒட்டுசுட்டானுக்குப் போகச் சொல்லும்" என்றார் கணவர். கூட்டாளிகள் இருவரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேர் ரோட்டாலை ஏலாட்டி அவன் திரும்பி வீட்டை போவானோ? மழைக்கு ரோட்டு அறுத்தால் பஸ் எதாலை போறது? நெடுங்கேணியாலை சுத்தி ஒட்டுசுட்டானுக்கு வந்துதானே மாங்குளம் போறது?"

"பஸ்ஸும் ஆமியும் ஒண்டோ? உமக்கென்ன தெரியும்?"

எனக்கு அந்த வழி தெரியும். தங்கையைப் பார்க்க பஸ்ஸில் போகும்போது வாந்தியெடுத்த வழி. ஒரு பிடி கடலையை அள்ளி, கலண்டரில் வீதிக்குக் கிழக்கே நெடுங்கேணி இருக்கிற இடத்தில் வைத்தேன். சிரித்தார்கள். அன்று பின்னேரமே எழுதினேன்: "மல்லாவிக்குப் போ. கிழக்கை போகாதை. அக்கா சொல்லுறன்."

மூன்றாம் கிழமை லண்டன் செய்தி வந்தது. ஆமி நெடுங்கேணிக்குள் வந்துவிட்டது. "சொன்னனோ இல்லையோ!" என்று கைதட்டிக் குதித்தேன். கணவர் தானே கடலையை நெடுங்கேணிக்கு நகர்த்தினார். குதித்து முடிந்த பிறகுதான், என் கடிதம் இன்னும் பாதி வழியில் கிடக்கிறது என்பது உறைத்தது. அந்தக் கிழமை நான் வேலைசெய்யும் வீட்டுச் சின்யோராவின் மேசைவிரிப்பு ஒன்றை ஸ்திரிக்கைப் பெட்டியால் எரித்துவிட்டேன்.

மாதங்கள் போய், ஒரு ஞாயிறு காலை தபால்பெட்டியில் தங்கையின் எழுத்தைக் கண்டேன். கண்ட சந்தோஷத்தில் படியிலேயே கத்திவிட்டேன். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தங்கை மல்லாவியில் இருந்தாள். பிள்ளைகளும் சுகம். மேசையைச் சுற்றியிருந்த மூவருக்கும் உரத்து வாசித்தேன்.

"அக்கா, உங்கடை கடிதத்தை அயலுக்கும் வாசிச்சுக் காட்டினன். கிழக்கை போக மூட்டை கட்டினவையும் எங்களோடை வந்திட்டினம். எங்கடை ஒழுங்கைச் சனம் முழுக்க, பதினாறு குடும்பம், இப்ப இஞ்சை மரங்களுக்குக் கீழை இருக்கிறம். ஒவ்வொரு நாளும் வந்து கேக்கினம், அக்கான்ரை அடுத்த கடிதம் வந்திட்டோ எண்டு. இனி எங்கை போறது எண்டு கெதியா எழுதுங்கோ."

பெருமையில் முகம் சூடேறியது.

"சொல்லும். இனி எதாலை வருவான்?" என்றார் கணவர். கேலியில்லாமல் கேட்டார். மூன்று ஜெனரல்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த வழி அந்த பஸ் போன வழி ஒன்றுதான். பேனையை எடுத்து "அன்புள்ள தங்கைக்கு" என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு சொல் எழுத எனக்குப் பயமாக இருந்தது.