வேர் ஒருத்திக்கு, சூடு ஒருத்திக்கு

போன ஞாயிறு காலை ஒரு பூசணிக்காய்க்காக ஏணியில் ஏறினேன். நாற்பத்தெட்டு வயதில் இது செய்தியாக எழுதத்தக்க விஷயம்தான்!

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து ஊற்றுகிறவன். அளக்கத் தெரிந்தவனுக்கு நியாயமும் தெரியும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போல... கங்காணியிடம் போயிருக்க வேண்டிய வழக்கு என்னிடம் வந்தது.

யுத்தம் முடிந்தும் கப்பலில் அரிசி சரியாக வரவில்லை. சர்க்கரை கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் லயத்துக்குப் பின்னால் ஒரு சாண் மண் கிடைத்தாலும் எதையாவது ஊன்றிவிடுகிறார்கள். மூன்றாம் காம்பராவில் குடியிருக்கும் ராமாயி பூசணி விதை போட்டாள். கொடி தகரக் கூரையில் ஏறி ஓடியது. பூத்த பூவெல்லாம் மார்கழிப் பனியில் கருகி உதிர்ந்தது. ஒன்றே ஒன்று காய்த்து முற்றியது — அடுத்த காம்பரா கருப்பாயியின் கூரை மேல்.

என் கூரை, என் காய் என்றாள் கருப்பாயி. பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற இரண்டு பேர். இப்போது காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒருத்தி மேல் பாதையில் வருகிறாள், ஒருத்தி கீழ்ப் பாதையில்.

ராமாயிக்கு அவசரம் இருந்தது. பூனாகலையில் கட்டிக்கொடுத்த மகள், ஏழு மாதம், அன்று சாயங்காலம் வருகிறாள். வாய்க்கு இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ராமாயியிடம் வேறு இனிப்பு ஏது? அந்தக் காய்தான்.

பனி விலகுமுன்பே ஏணி, டேப், டயரியோடு போய்விட்டேன். வேரிலிருந்து காய்க்குப் பதினாறு அடி இரண்டு அங்குலம். நடுச்சுவரைத் தாண்டி நாலே முக்கால் அடி. குறித்துக்கொண்டேன். வேர் யாருடையதோ, காய் அவர்களுடையது... தீர்ப்பு வாய்வரை வந்துவிட்டது.

கீழே நின்ற கருப்பாயி சொன்னாள்: "ஐயா, டேப்பை மடிச்சு வச்சிட்டு, காய்க்குப் பக்கத்துல தகரத்துல கையை வச்சுப் பாருங்க."

வைத்தேன். இளஞ்சூடு. எட்டி ராமாயி பக்கம் வைத்தேன். ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"ராப்பகலா எரியிற அடுப்புங்க. அணைய விடறதில்ல. அவ பக்கம் ஒரு பிஞ்சாவது நின்னுச்சா? வேரு அவளுது. சூடு என்னுது."

"என் கொடி இல்லாட்டி உன் சூடு வெறும் புகையாத்தான்டி போயிருக்கும்," என்றாள் ராமாயி.

இரண்டும் சரி. இதில் இன்னொரு சங்கடம். அந்த அடுப்பை அணைய விடாதே என்று சொன்னது யார்? நான்தான். கருப்பாயி புருஷனுக்கு நெஞ்சுச் சளி. அறையைச் சூடாக வை என்று ஐப்பசியில் சொன்னது டயரியில் இருக்கிறது. ஆக, மூன்றாவது பங்காளி ஏணி மேலேயே நிற்கிறான்!

இறங்கினேன். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை என்றேன். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் தெரியவில்லை என்று சொன்னது இது இரண்டாவது தடவை.

ராமாயி காயைப் பார்த்தாள், பூனாகலைப் பக்கம் பார்த்தாள்.

"உன் அடுப்புதான் எரியுதே. அதுலயே வேகட்டும்."

கருப்பாயி விறுவிறுவென்று வாசல் பக்கம் போனாள். ஓட்டை வாளியில் தான் வளர்த்த இஞ்சியில் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு வந்தாள். "இஞ்சியும் என்னுதுதான். ஐயா அதையும் எழுதிக்கட்டும்."

செய்முறை கேட்டு எழுதுவீர்கள், சொல்லிவிடுகிறேன். தோல் சீவி, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைக்க வேண்டும். துண்டுகளைத் தண்ணீர் அதிகம் விடாமல் வேகவைத்து மசித்து, தேங்காய்ப் பாலும் தட்டிய இஞ்சியும் சேர்த்து, கரண்டியில் ஒட்டி நிற்கும்வரை கிளற வேண்டும். இறக்கும்போது கித்துள் பனையில் காய்ச்சின பாணி இரண்டு கரண்டி. சர்க்கரை ஒரு பொட்டுக்கூட இல்லை.

அந்தப் பெண் தூறலில் நனைந்து வந்தாள். கருப்பாயி அடுப்போரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் காலி செய்துவிட்டு, பெற்றவளைக் கேட்கவில்லை, "இன்னும் இருக்கா அத்தை?" என்று கருப்பாயியைக் கேட்டாள். கருப்பாயி சட்டியையே சுரண்டிப் போட்டாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு இரண்டு பேரும் மேல் பாதையில் வந்தார்கள். விதையை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டுக்கொண்டே!

எனக்கும் ஆறு விதை கிடைத்தது. எங்கள் சமையலறைச் சுவருக்கு வெளியே, அடுப்புக்கு நேர் பின்னால், அளந்து குழி வெட்டினேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கேயா நடுறீங்க? நல்லதாப் போச்சு," என்றாள். "அப்ப காய் என்னுது."