ஒன்பதாம் அறையில் கனகசபாபதியார்

கரவெட்டியில் கனகசபாபதியாரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, அவருடைய கிழக்கு வேலியைத் தவிர. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியால்கள் ஒரு விரற்கடை கிழக்கே நகர்ந்துவிடும். அவை தாமாக நடந்தன என்பது அவருடைய வாதம். கதியால் என்றால் நட்டதும் தளிர்க்கும் வேலிக் கம்பு, உயிருள்ள மரம். அது நடக்காது என்று யார் நிரூபிப்பது? முப்பது வருடத்தில் வேலி ஒன்றரை முழம் நடந்து, பக்கத்து வீட்டில் இருந்த, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இரத்தினம்மா ரீச்சரின் பலாமரத்தில் முட்டி நின்றது. வழக்குப் பதினான்கு வருடம் நடந்தது. பிறகு யுத்தத்தில் கோர்ட்டே நடக்கவில்லை.

இந்த நிலையில், 1992இல், ஜேர்மனியில் இருக்கும் மகள் பத்மாசினி, கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்த ஒருவரிடம் ஒரு விளையாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டாள். உள்ளங்கை அளவு, நடுவில் சின்னத் திரை. அது வந்த அட்டைப்பெட்டியில் தகப்பனும் தாயும் இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கப் புத்தகம் ஜேர்மன் மொழியில் இருந்தபடியால், கனகசபாபதியார் அதற்குரிய மரியாதையைக் கொடுத்து, வாசிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்தார்.

விளையாட்டு இதுதான். திரையில் ஓர் இரண்டு மாடி வீடு. மேலே தொப்பி போட்ட குட்டி மனிதன். அவன் ஏணியால் இறங்கி, கீழ்மாடிக் கதவால் வெளியே போக வேண்டும்; போனால் இன்னும் கடினமான அடுத்த அறை வரும். மேல்மாடிச் சுவரைத் தள்ளி அவனுக்கு இடம் பெருப்பித்தால், அதே அளவு இடம் கீழ்மாடியில் சுருங்கும். சுவரை இழுத்து மேலே சுருக்கினால் கீழே பெருகும். தள்ள ஒரு பொத்தான், இழுக்க ஒரு பொத்தான். பத்தாம் நாள் பார்த்தபோது தள்ளும் பொத்தானின் எழுத்து அழிந்திருந்தது. மற்றது ஜேர்மனி மினுக்கம் குறையாமல் இருந்தது.

எட்டு அறைகள் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியே தப்பினார். ஒன்பதாம் அறையில் குட்டி மனிதன் கீழே இறங்கியதும் நசுங்கினான். பெட்டி ஒரு சோக மெட்டு வாசித்தது.

“இவ்வளவு இடம் பிடிச்சுக் குடுத்தும் சாகிறானே!” என்று மனைவி மீனாம்பிகையிடம் முறையிட்டார்.

“மேலை பிடிச்சால் கீழை குறையுதெல்லோ. எனக்கே தெரியுது.”

“அதெப்பிடி? நான் கீழை கை வைக்கவே இல்லையே!”

இந்தக் குழப்பம் தீர முன்னரே பற்றரி தீர்ந்தது. பற்றரி அப்போது பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் வர முடியாத பொருள். செத்த பற்றரியை மூன்று நாள் வெயிலில் காயப்போட்டார்; அது கருவாடு போலக் காய்ந்ததே தவிர உயிர்க்கவில்லை. மேற்கு வேலிக்கு அப்பால் இருக்கும் இராசநாயகத்திடம் பெட்டியைக் கொண்டுபோனார். இராசநாயகம் ரேடியோ திருத்துபவர். கனகசபாபதியாருக்கு முப்பது வருடச் சினேகிதர். அந்த வேலியில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

“சைக்கிள் டைனமோவிலை பூட்டித் தாறன் அண்ணை. ஆனால் என்ரை டைனமோ எரிஞ்சு போச்சு. நல்லது ரீச்சரின்ரை சைக்கிளிலைதான் கிடக்கு.”

வழக்குத் தொடங்கிய பிறகு முதல் தடவையாகக் கனகசபாபதியார் கிழக்கு வேலிப் பொட்டில், அதாவது ஆள் எட்டிப்பார்க்கும் அளவுக்கு இருந்த இடைவெளியில், முகத்தை வைத்து, “ரீச்சர்!” என்றார்.

ரீச்சர் முழுவதையும் கேட்டார். ஓய்வுபெற்றவர், வழக்கில் சலித்தவர். “சைக்கிளைத் தரமாட்டன். நானே மிதிக்கிறன். ஒன்பதாம் அறையைத் தாண்டினால் பிலாமரம் உங்களுக்கு. தாண்டாட்டில் வேலி பழைய இடத்துக்குப் போகவேணும்.”

“நடுவிலை நீங்கள் மிதிக்கிறதை விட்டால்?”

“விட்டால் நான் தோத்தது.”

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு வழக்கு எடுக்கப்பட்டது. ரீச்சர் தன் வளவில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதித்தார். வயர் பொட்டுக்குள்ளால் வந்தது. கனகசபாபதியார் தன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். குட்டி மனிதனுக்கு மூன்று உயிர். எட்டு அறைகளும் சுகமாகக் கழிந்தன. ஒன்பதாம் அறையில் முதலாவது உயிர் போனது. இரண்டாவதும் அதே இடத்தில், அதே மாதிரிப் போனது.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திய ரீச்சருக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “எத்தினை தரம் ஒரே பிழை விடுவியள்? மற்றப் பொத்தானை அமத்துங்கோவன்!” என்று பொட்டுக்குள்ளால் கத்தினார்.

கனகசபாபதியார் திகைத்தார். எதிராளி சொல்லும் புத்தி! சுவரைத் தன் பக்கம் வரவிடுவதா? அவருடைய பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். பெருவிரலைப் பொத்தானுக்கு மேல் கொண்டுபோய், திரும்ப எடுத்தார்.

“கெதியா அமத்துங்கோப்பா, ரீச்சரக்காவுக்கு மூச்சு வாங்குது” என்றார் மீனாம்பிகை.

கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். சுவர் வந்தது, வந்தது, குட்டி மனிதனுக்கு நிற்க மட்டும் இடம் விட்டு நின்றது. அவன் ஏணியால் இறங்கி, விசாலமான கீழ்மாடியில் கைவீசி நடந்து, கதவால் வெளியேறினான். பெட்டி கலியாண வீடு போல முழங்கியது.

“நீங்கள் சொல்லித் தந்துதானே வெண்டனான் ரீச்சர். அப்ப மரம் ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். சொன்னது சொன்னதுதான். எனக்குப் பிலாப்பழம் செமிக்கிறதுமில்லை.”

வேலி பலாமரத்துக்கு அப்பால் போனது. வாழ்நாள் ஆசை நிறைவேறியும் கனகசபாபதியாருக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கே இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது. அப்படியானால் வேறெங்கோ குறைந்திருக்க வேண்டுமே! நாலாம் நாள் காலை கயிற்றை எடுத்து, ஒரு முனையை மீனாம்பிகையிடம் கொடுத்து, கிழக்கு வேலியிலிருந்து மேற்கு வேலி வரை அளந்தார். காணி உறுதிப் பத்திரத்தில் நாற்பத்தைந்து முழம் என்று எழுதியிருந்தது. இதுவரை தள்ளிய ஒன்றரையும் மரத்தோடு வந்த ஒரு முழமும் சேர்த்தால் நாற்பத்தேழரை வர வேண்டும். அளந்தபோது நாற்பத்தைந்து வந்தது. திரும்ப அளந்தார். விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை.

புதிதாக அடைத்திருந்த மேற்கு வேலிக்கு மேலால் இராசநாயகம் அன்போடு எட்டிப்பார்த்தார்.

“என்ன அண்ணை, அளவெல்லாம் சரியோ?”

“ஓம், சரியாத்தான் கிடக்கு. அதுதான் எனக்கு விளங்கேல்லை.”