மாமா எண்ணிய ஆறு பேர்

என் மாமாவின் குரல் ஒரு தடவை வானொலியில் வந்தது. நம் ஊர் வானொலி இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டின் அரசு வானொலி. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பும் பின்பும் யாருக்கும் அந்தப் பெருமை வாய்க்காததால், மாமா பெரிய ஆளாகிவிட்டார் என்றே நம்பினேன்.

மரக்காணம் உப்பளத்தில் மாமா கூடை எண்ணுகிறவர். பாத்தியில் வாரிய உப்பை ஆட்கள் கூடையில் சுமந்து வந்து குவியலில் கொட்டுவார்கள். கூடை தன்னைக் கடக்கும்போது மாமா உரக்க எண்ணுவார். முதல் கூடைக்கு ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. தண்ணீர் வடியாத கூடை வந்தால் ‘நில்லு’ என்பார். அதற்கு எண் கிடையாது. சுமந்தவர் அதை ஓரமாக வைத்து வடியவிட வேண்டும், எண் அடுத்த கூடைக்குப் போய்விடும். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க எண்ணினாலும் ஒரு கூடை பிசகாது.

அந்த வானொலியை எங்களுக்குப் பழக்கியதும் அவர்தான். வீட்டில் வைத்தால் வெறும் இரைச்சல். அளத்து மோட்டார் கொட்டகையில் வைத்து, ஒரு செம்புக் கம்பியின் முனையை டிரான்சிஸ்டரில் செருகி, மறுமுனையை உப்புத் தண்ணீரில் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். சாயங்காலம் பாட்டுக் கேட்க இருபது பேராவது கூடுவார்கள்.

மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும். அந்த வருடம் மாமா காரைக்கால் பக்கம் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போனார். அத்தைக்குத் தூரத்துச் சொந்தமான எக்கியார்குப்பத்து அண்ணனையும் கூட்டிப்போனார். படகில் ஆறு பேர். எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி அந்த நாட்டுக் கடற்படை ஆறு பேரையும் பிடித்துக்கொண்டது.

நம் தலைவர்கள் சட்டசபையில் அந்த அரசைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருந்த சமயம் அது. பேசியதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்த நாட்டுக்காரர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அதைக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். வானொலியில் கேட்டார்கள். தினமும் பாட்டு முடிந்ததும், பிடிபட்டவர்களில் ஒருவரைப் பேச வைப்பார்கள். ஆறு பேரும் நலமாக இருக்கிறோம், விருந்தாளி போல வைத்திருக்கிறார்கள், எங்கள் தலைவர்கள் மனசு வைத்தால் நாளைக்கே வீடு திரும்பலாம் என்று அவர் சொல்வார். அதன்பின் அறிவிப்பாளர் தேனொழுகும் குரலில் நம் தலைவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, “சாவி உங்கள் கையில் இருக்கிறது” என்பார். அதைக் கேட்ட, பிடிபட்டவர்கள் வீட்டுப் பெண்கள் விடிந்ததும் தலைவர்களின் வாசலுக்கு ஓடுவார்கள். அவர்கள் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிகழ்ச்சியே.

அத்தை ஓடவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் காரில் தேடி வந்தார். ஈ.சி.ஆர். ரோட்டில் மறியல், டிவிக்காரர்கள் வருவார்கள் என்றார்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்மா. முன்னாடி ஒக்காந்து அழுதா போதும்.”

“நான் அழுதா அவரு வந்துடுவாராங்க?”

“மந்திரிக்கு ஒரு பயம் வரும்ல?”

“அந்த ரேடியோக்காரனும் அதைத்தான் சொல்றான். அவனும் நீங்களும் பேசி வெச்சுக்கினீங்களா?”

கட்சிக்காரர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அதை நான் குடித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமாவின் முறை வந்தது. கொட்டகை நிரம்பி வரப்பு வரைக்கும் ஆட்கள். சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மாமா ஒப்பித்தார். படிக்கத் தெரியாத மனிதர் அவ்வளவு நீளத்தை மனப்பாடம் செய்திருந்தார். விருந்தாளி என்றார், தலைவர்கள் மனசு வைக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் யாரும் பேசாத சுத்தமான தமிழ். எனக்குப் புல்லரித்தது.

அறிவிப்பாளருக்கும் திருப்தி போலிருக்கிறது. ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். மாமாவுக்குச் சொந்தக் குரல் திரும்பியது.

“உப்பளத்துல கூடை எண்றதுங்க.”

“அதை எப்படி எண்ணுவீர்கள்? நேயர்களுக்குக் கொஞ்சம் எண்ணிக் காட்டுங்களேன்.”

“கூடைக்கு எங்க போறது? எங்க படகு ஆளுங்களையே எண்றேன் சார்.”

அளத்தில் நிற்பது போலவே தொண்டையைத் திறந்து எண்ணினார்.

“லாபம். ரெண்டு. மூணு. நில்லு. நாலு. அஞ்சு.”

அறிவிப்பாளர் ரசித்துச் சிரித்தார். பாட்டுப் போல இருக்கிறது என்றார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை குனிந்து தண்ணீரிலிருந்து கம்பியை எடுத்தாள்.

“ஒருத்தன் நல்லா இல்ல,” என்றாள்.

வரப்பிலிருந்து ஒருவர், “யாருன்னு தெரியலியேம்மா,” என்றார்.

“யாரா இருந்தா என்ன? கேக்கணும்.”

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற அதிகாரி, மந்திரியின் பேச்சைப் பற்றித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பேனாவை எடுத்தார்.

“அது வேணாங்க. ஆறு பேர்ல அஞ்சு பேருதான் நல்லா இருக்காங்க. மீதி ஒருத்தரைப் பேச வெக்கச் சொல்லுங்க.”

“எல்லாரும் நலம்னு ரேடியோவுலயே சொன்னாங்களேம்மா. உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரரு அதே ரேடியோவுலதாங்க சொன்னாரு.”

கூடைக் கணக்கை அவள் விளக்கினாள். எண்ணிக் காட்டும் வேலை என்னுடையது. ‘நில்லு’ வரும்போது கையை நீட்டி மறித்துக் காட்டினேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுவில் முத்திரை குத்தினார். வாசலில் நின்ற ஒரு பத்திரிகைக்காரப் பெண் மட்டும் சிரிக்காமல் இரண்டு தடவை எண்ணச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அது பேப்பரில் வந்தது. பேசியதைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருந்த நம் தலைவர்களுக்குத் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது. ஆறாவது ஆள் எங்கே என்று கேட்டார்கள். அந்த வானொலி இரண்டு நாள் பாட்டு மட்டும் போட்டது. மூன்றாம் நாள், ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாக ஒரே வரியில் சொன்னது. விருந்தாளி நிகழ்ச்சி அதோடு நின்றுபோனது. கொஞ்ச நாளில் ஆறு பேரையும் விட்டுவிட்டார்கள். அத்தை கேட்டதால்தான் விட்டார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சூளையிலும் மில்லிலும் முந்திரிக் கம்பெனியிலும் ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டேன். மேலே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்த ஆட்களை எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன், நானே ஒப்பித்திருக்கிறேன். அதற்கு நடுவில் ஒரு சொல்லை நழுவவிட்ட மாமாவைப் போலவும், அதைக் கையில் பிடித்துக்கொண்ட அத்தையைப் போலவும் யாரையும் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் இருந்தது எக்கியார்குப்பத்து அண்ணன். பிடிபட்ட அன்று மண்டையில் அடி. இடது கை பாதிதான் தூக்க வரும். படகுக்கு இனி ஆகாது என்று ஆனதும், மாசி மாதம் அளம் திறந்தபோது கூடை தூக்க வந்தார்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் மாமாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். வரிசையாக ஆட்கள் வந்தார்கள். லாபம். ரெண்டு. மூணு. நாலாவதாக அந்த அண்ணன். கூடையைக் குலுக்கி வடியவிட்டுத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. தண்ணீர் தலையிலிருந்து முதுகு வரை கோடாக ஓடியது.

“நாலு,” என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. விழுப்புரம் வரை போய் எண்ணிக் காட்டியவள் நான். கையை நீட்டி மறித்து, “நில்லு,” என்று கத்தினேன்.

வரிசை முழுவதும் நின்றுவிட்டது. அந்த அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பாப்பா சரியாத்தானே மாமா சொல்லுது,” என்றார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நாலு,” என்றார் மறுபடியும், முன்னைவிட உரக்க. “போப்பா. பின்னாடி ஆளு நிக்குது பாரு.”

அந்த நாட்டில் அடைத்து வைத்ததில் மாமாவுக்கு எண்ணுகிற வித்தை மறந்துவிட்டது என்று, அன்று சாயங்காலம் வரை அளத்தில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.