செய்தி வாசிப்பது போல ஒரு ஜெபம்

என் மனைவிக்குப் பேச்சு நின்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ஐயம்பேட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவள் ஆசிரியை. பள்ளிக்குக் கிளம்பும்போது குடையை எடுத்துத் தரச் சொல்வதற்காகக் கையை நீட்டினாள். கை வந்தது, சொல் வரவில்லை. குடையையே பார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே சுவரோரம் சரிந்தாள்.

பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிறர் பேசுவது அவளுக்குப் புரியும், பதில் சொல்லத்தான் முடியாது என்றார் டாக்டர். பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம், எப்போது என்று சொல்வதற்கில்லை என்பதையும் அவள் காதுபடவே சொன்னார். அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். கதை கேட்பவர்கள் நடுநடுவே சொல்வார்களே, அந்த 'ம்'. அதையும் அவள் நினைத்தால்தான் சொல்வாள்.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குக் காஞ்சிபுரத்தில் பகுதி நேர நிருபர். தொண்ணூறுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பக்கத்துப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் பிறவிக் கிறிஸ்தவன். வாலாஜாபாத்தில் ஞானஸ்நானம், அங்கேயே கல்யாணம். ஆனால் இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒருநாளும் நான் வாய்விட்டு ஜெபம் செய்ததில்லை. மாலை ஏழு மணிக்கு அவள் முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள். அவள் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். இடையில் மறுநாள் அனுப்பவேண்டிய செய்தியின் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் முதலில் நன்றி சொல்வாள், பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டுவாள், கடைசியாக எங்களுக்கு ஒரு குழந்தை கேட்பாள். ஏதோ ஒரு வருடத்தில் அந்தக் கடைசி வேண்டுதல் நின்றுபோயிருக்கிறது. எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலை ஏழு மணிக்கு அவள் இடது கையால் முந்தானையை இழுத்தாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை தலையில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்தேன். தடங்கல் இல்லாமல்தான் வாசித்தேன். மூடிவைத்து ஆமென் சொன்னேன். அவள் தலையிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. கஞ்சி ஆறும்வரை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான்தான் துணியை விலக்கிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். என்ன எதிர்பார்க்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த தடவை வருவதற்குள் நான் ஜெபிக்க வேண்டும், அவள் கேட்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆயர் ஸ்கூட்டரில் வந்தார். என்னைவிடச் சின்னவர். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல என்ன கஷ்டம்ணே? பேசறதுதானே. அதுவும் நீங்க எழுதறவரு வேற" என்றார். போகும்போது அச்சிட்ட ஜெபப் புத்தகம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். நோயாளிகளுக்கான ஜெபம் என்று ஒரு பக்கம் இருந்தது. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். அன்று மாலை அந்தக் கோட்டில் அவள் பெயரைச் சேர்த்து வாசித்தேன். பாதியிலேயே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டேன். குறிப்பேட்டில் எழுதினேன். செய்தியில் முக்கியமானது முதலில் வர வேண்டும். இடம் போதாவிட்டால் அலுவலகத்தில் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவார்கள். ஆகவே கோரிக்கை மேலே, விவரம் கீழே. எழுதியதை ஏழு மணிக்கு வாசித்தேன்: "ஆண்டவரே, பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுள்ள ஆசிரியை ஒருவர் விரைவில் குணமடைய வேண்டும். இதனால் குடும்பத்தினர் மிகுந்த கவலையில் உள்ளனர். நீர் இரக்கம் நிறைந்தவர் என்று கூறப்படுகிறது."

அவள் உதட்டின் இடது ஓரம் அசைந்தது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் 'ம்' வரவில்லை.

தினமும் எழுதினேன், வாசித்தேன். முசரவாக்கம் பக்கம் மழை இல்லை, பெய்ய வேண்டும் என்றேன். அதற்கு 'ம்' சொன்னாள். அவளுடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள் என்றேன். 'ம்.' ஆசிரியை ஒருவர் என்று தொடங்கியதும் மௌனம். அலுவலகத்தில் என் செய்திகளைத் திருத்தியவர்கள்கூட இத்தனை கறாராக இருந்ததில்லை.

வைகாசி வந்தது. வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வருடம் தவறாமல் நான்தான் செய்தி அனுப்புவேன். எந்த நேரத்தில் எந்த இடத்துக்குச் சாமி வரும், கூட்டம் எங்கே நெருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த வருடம் அதிகாலையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று பேச்சில் தெரிந்தது. கருட வாகனம் திரும்பியதும் கூட்டம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அவர் கையை உயர்த்தவில்லை. முன்னால் நின்றவரின் தோளுக்கு மேல் தலையை நீட்டி, சாதாரணக் குரலில், "நான் இங்க நிக்கறேன், பாத்தியோ?" என்றார். தெருவில் போகும் சொந்தக்காரரிடம் கேட்பதுபோல இருந்தது. மூங்கில் மண்டபத்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினேன். ஆயிரக்கணக்கான பக்தர்கள் தரிசனம் செய்தனர் என்று எழுதியிருந்தேன். பெரியவர் கேட்டதை எழுதவில்லை. செய்தியில் அதற்கு இடமில்லை.

அன்று பிற்பகல் வீட்டுக்கார அம்மா வந்தார். என் மனைவியைப் புரட்டிப் படுக்கவைக்க அவர்தான் தினமும் உதவிக்கு வருவார். தறியில் நெடுக்கே ஓடும் பழைய பாவின் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது அவர் வேலை. முறுக்கும்போது பிடிக்காகச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அவர் வந்துபோன பிறகு என் மனைவியின் தோளில் நாலு விரல் பதிந்த சாம்பல் இருக்கும்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"தெனம் ஏழு மணிக்கு நீங்க ரேடியோல நியூஸ் வெக்கறீங்கன்னு எங்க வூட்டுக்காரரு நெனச்சிக்கினு இருந்துகிறாரு. நேத்து தறிய நிறுத்திட்டு காத குடுத்துக்கினு குந்தியிருக்காரு. மழ வருமான்னு சொல்றானாடி, காலைல தெருவுல பாவு நீட்டணும்ங்கறாரு. அது ரேடியோ இல்லய்யா, சாரு ஜெபம் பண்றாருன்னு நான்தான் சொன்னேன்."

கட்டிலில் என் மனைவியின் தோள் குலுங்கியது.

"அது யாரு சார், யாரோ ஒரு டீச்சருக்கு ஒடம்பு சரியில்லன்னு தெனம் சொல்றீங்க? நம்ம டீச்சரம்மாதானா?"

"ஆமா."

"அப்ப என் பொண்டாட்டின்னு சொன்னா என்னா? உங்க சாமி கோச்சிக்குமா?"

"ம்" என்றாள் என் மனைவி.

"பாருங்க, டீச்சரம்மா என் கட்சி" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நிருபர் செய்திக்குள் வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். 'நான் பார்த்தேன்' என்று எழுதி அனுப்பினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். நாலைந்து முறை அடிபட்டால் 'நான்' என்கிற சொல் பேனாவுக்கு வராது. அது வாய்க்கும் வராமல் போயிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏழு மணிக்குக் குறிப்பேட்டை எடுக்கவில்லை. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, என் மனைவி" என்று தொடங்கினேன்.

"ம்."

"இவள நல்லாக்கணும்."

சத்தமில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் இல்லை. இடது கையைத் தூக்கினாள். அந்தக் கையும் அவ்வளவு பலமாக இல்லை. ஒரு விரலை நீட்டி என் நெஞ்சைக் காட்டினாள். பக்கத்தில் தறிச் சத்தம் நின்றிருந்தது. கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எனக்குப் பயமா இருக்குது ஆண்டவரே" என்றேன். "இவ போயிட்டா இந்த வீட்ல நான் பேசறதுக்கு ஆள் இல்ல. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியல. இவ பண்ணும்போது நான் கேக்கவும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்றாள். அவளே முந்தானையைத் தலையிலிருந்து தள்ளிவிட்டாள். அன்றைய ஜெபம் முடிந்தது என்று அர்த்தம்.

அதன் பிறகு ஒரு வழக்கம் அமைந்தது. ஒரு வாக்கியம் சொல்வேன், நிறுத்துவேன், அவளுடைய 'ம்' வந்த பிறகு அடுத்த வாக்கியம். வராவிட்டால் அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்லிப்பார்ப்பேன். சில நாள் மூன்று வாக்கியம்தான் தேறும். அப்படி ஆறு மாதம் ஜெபித்தோம்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல் இரண்டாவது தடவை வந்தது. நான் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வீட்டுக்கார அம்மாதான் பக்கத்தில் இருந்தார். நான் வந்தபோது அவள் நெற்றி ஓரத்தில் சாம்பல் பட்டிருந்தது. துடைக்காமல் விட்டேன்.

அடக்கத்தின்போது ஆயர் நன்றாக ஜெபித்தார். சொந்தக்காரர்கள் மூன்றாம் நாள் கிளம்பிப் போனார்கள். அன்று ஏழு மணிக்கு நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் வழக்கமான இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். "ஆண்டவரே, நான் இருக்கேன்" என்றேன். நிறுத்தினேன். அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை. ரொம்ப நாள் என் ஜெபம் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றது.

நிறுத்துவதால்தானே இந்தத் தொல்லை என்று ஒருநாள் நிறுத்தாமல் தொடர்ந்து சொல்லிப்பார்த்தேன். தடையில்லாமல் வந்தது. நாலாவது வாக்கியத்தில் "குடும்பத்தினர்" என்று சொன்னேன். குடும்பத்தில் இருந்தது நான் ஒருவன். மறுநாளிலிருந்து பழையபடி வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினேன்.

தை மாதத்தில் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"சார், நடுவுல நடுவுல பேச்சு நின்னுடுதே, ஒடம்புக்கு எதுனாவா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"எங்க வூட்டுக்காரரு தறி நாடாவ கையில வெச்சிக்கினு அப்பிடியே குந்திக்கினு இருக்காரு. சாரு முடிக்கட்டும்டி, நடுவுல தறி சத்தம் போடக் கூடாதுங்கறாரு."

"பரவால்லம்மா. நெய்யச் சொல்லுங்க."

மறுநாள் முதல் வாக்கியத்துக்குப் பிறகு நிறுத்தினேன். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு அவள் 'ம்' சொல்லியிருப்பாள், எதற்குச் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. இரண்டாவது வாக்கியத்துக்குச் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அதை மாற்றிச் சொன்னேன்.