இரண்டு வீட்டுக்கும் ஒரே வானிலை

காலை ஏழு ஐம்பதுக்கு ரக்னா தொலைபேசியில் எண்களை அழுத்துவாள். மறுமுனையில் எடுத்ததும் சுகமா என்ற கேள்வி கிடையாது. "ரேடியோ வெச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொலைபேசியைச் சமையலறை மேசையில் வானொலிக்குப் பக்கத்தில் கிடத்தி, உரக்கக் கேட்கும் பொத்தானை அமுக்குவாள். பிறகு ஒரு சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துக்கொண்டு அதன் வழியாகக் காப்பியை உறிஞ்சுவாள். சர்க்கரையை விடச் சொல்லி வைத்தியர் கண்டித்து ஒன்பது வருஷமாகிறது. "காப்பிய விடச் சொல்லலியே அந்த மனுஷன்" என்பாள்.

எழுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷம் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். இன்றைக்கும் உருளைக்கிழங்கைப் பார்க்காமலே தோல் சீவுவாள். நார்வேயின் மீனவத் தீவு ஒன்றின் வடக்கு முனையில் தனி வீடு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் காற்றோடும் கடற்காக்கைகளோடும் சண்டை பிடிப்பாள். வாரத்துக்கு மூன்று நாள் வரவேண்டிய பயணப்படகு புயலால் வராமல் போனால், ஓடிப்போன மருமகனைத் திட்டுவதுபோலத் திட்டுவாள். "சோம்பேறி! நாலு அலையப் பாத்ததும் படுத்துக்கிட்டான்." அந்தப் படகு வந்தால்தான் அவள் புருஷனைப் பார்க்க முடியும்.

புருஷன் ஒத்முன், விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் ஏழாம் அறையில் இருக்கிறான். நாற்பத்து நாலு வருஷம் சொந்தப் படகில் ஒற்றை ஆளாகக் கடலுக்குப் போய் வந்தவனுக்கு இப்போது ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. மகன் பெயர் போய்விட்டது. கல்யாணம் நடந்த வருஷம் போய்விட்டது. கடல்களின் பெயர்கள் மட்டும் தெற்கிலிருந்து வடக்காக, ஒன்றுகூட இடம் மாறாமல் அப்படியே இருக்கின்றன.

ஏழு ஐம்பத்தைந்துக்கு வானொலியில் மீனவர்களுக்கான வானிலை வாசிப்பார்கள். அவன் படகில் இருந்த காலத்தில் அங்கே அவன் கேட்பான், இங்கே அடுப்படியில் இவள் கேட்பாள். அவனை இல்லத்தில் விட்ட பிறகும் இருவரும் வழக்கத்தை விடவில்லை. அவன் அறையிலும் வானொலி, இவள் மேசையிலும் வானொலி, நடுவில் தொலைபேசி. வாசிப்பு முடியும்வரை இருவரும் மூச்சு விடமாட்டார்கள். முடிந்ததும்தான் பேச்சு.

"கேட்டியா? வடமேற்குக் காத்து எட்டு."

"எட்டு இல்ல கிழவா, ஏழு. காத அடைச்சுக்கிட்டுக் கேட்டா அப்பிடித்தான்."

"ஏழுன்னா போலாமே."

"நாளைக்குப் போ."

அவ்வளவுதான். அந்த நாலு வரிக்காகத்தான் அவள் படுக்கையை விட்டே எழுகிறாள் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

ஜனவரி பதினொன்றாம் தேதி, நார்வேயிலேயே முதலாவதாக எங்கள் நூர்லான் மாவட்டத்தில், அரசு வானொலியின் பண்பலையை நிறுத்தினார்கள். இனி எல்லாம் டிஜிட்டல். ரக்னா அதற்காக ஒன்றும் உருகவில்லை. மகன் ஆர்வித் வாங்கிக்கொடுத்த புதுப்பெட்டி தயாராக இருந்தது. பழையதைத் தூக்கிக் கொட்டகையில் போட்டாள். "நாசமாப் போன கரகரப்பு ஒழிஞ்சுது. இது என்னமா பேசுது! எதிர்ல ஒக்காந்து பேசுற மாதிரி" என்று மகனிடம் மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் காலையில்தான் வினை. அவள் பெட்டி அவர்கள் கடலின் பெயரை, "வெஸ்ட்ஃபியோர்டன்" என்று சொல்லி முடித்து, நாலு நொடி கழித்து, தொலைபேசிக்குள்ளிருந்து இன்னொரு முறை அதே குரல் "வெஸ்ட்ஃபியோர்டன்" என்றது. இல்லத்தில் நேற்றிலிருந்து எல்லா அறைகளுக்கும் இணையம் வழியாக வானொலி வருகிறதாம். அது தாமதித்துத்தான் வருமாம். பண்பலை இருந்தவரை இரண்டு வீட்டிலும் ஒரே நொடியில் பேசிய குரல், இப்போது இரண்டாகப் பிளந்துவிட்டது.

"ரக்னா, ஒங்கூட யாரு?" என்றான் ஒத்முன்.

"யாரும் இல்ல. ரேடியோதான்."

"பொய் சொல்லாத. என் ரேடியோ சொல்றதுக்கு முந்தி ஒருத்தன் சொல்றான். காத்து எவ்வளவுன்னு அவனுக்கு எப்பிடி முன்னாடியே தெரியுது?"

"கிழவா, அது புதுப்பெட்டி…"

"என் நாற்காலியில ஒக்காந்திருக்கானா? படகையும் எடுத்துக்கிட்டானா?" அவன் குரல் உடைந்தது. நாற்பத்து நாலு வருஷம் எந்தப் புயலுக்கும் அழாதவன் விசும்பி விசும்பி அழுதான். பணிப்பெண் மெரெத்தே தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்குப் போதும் ரக்னா."

அடுத்த நாள் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வந்து பேசுவது காதில் ஏறாதவனுக்கு அந்தக் கிசுகிசுப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது. இல்லத்தில் இருப்பதுபோலவே ஒன்றை வாங்கி இணையத்தில் இணைத்துத் தருகிறேன் என்றான் ஆர்வித். அதையும் செய்தார்கள். நாலு நொடி ஒரு நொடியானது. பின்னால் யாரோ தொற்றிக்கொண்டு வருவதுபோல அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்கு மறுநாள் ஒத்முன் தொலைபேசியைத் தொடவே இல்லை. "அந்த வீட்டோட எனக்குப் பேச வேணாம்" என்றானாம். மெரெத்தே நல்லவள்தான், ஆனால் சொல்லித்தானே ஆகவேண்டும். "காலையில பேசுறதயே நிறுத்திடலாமான்னு இங்க யோசிக்கிறாங்க, ரக்னா. நாளைக்கு ஒரு தடவை பாப்போம். நாளைக்கும் இப்பிடின்னா…"

அந்த வீடு! அவன் கையால் கூரை போட்ட வீடு. ரக்னா அன்றைக்குக் காற்றைத் திட்டவில்லை, காக்கையைத் திட்டவில்லை. காப்பியைக்கூடக் கலக்காமல், மேசையில் முழங்கையை ஊன்றி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு அழைத்தாள். "வெச்சிட்டேன்" என்றாள். தன் பெட்டியைப் போடவே இல்லை. அவன் அறை வானொலி மட்டும் தொலைபேசி வழியாகத் தெற்குக் கடல்களை வாசித்துக்கொண்டு வந்தது. ஒரே குரல். அப்பாடா என்று நினைத்தாள்.

"ரக்னா, அங்க ஏன் சத்தமே இல்ல?"

எங்கள் கரையில் படகு திரும்பாத வீட்டில் வானொலியை அணைத்துவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை போடமாட்டார்கள். மகன் பெயரை மறந்தவனுக்கு அது மறக்கவில்லை.

"யாரு போயிட்டா? சொல்லு. யார் படகு வரல?"

"யாரும் போகல. எல்லாரும் கரையேறியாச்சு. ரேடியோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, கிழவா. கம்மியா வெச்சிருக்கேன்."

"கேக்கலியே. கொஞ்சம் கூட்டு."

ரக்னா கையை நீட்டி, அணைந்து கிடந்த பெட்டியைப் போடாமலே அதன் சத்தக் குமிழைத் திருகினாள்.

"இப்ப?"

அவன் உற்றுக் கேட்பது இங்கே தெரிந்தது. அவன் அறையில் குரல் வடக்கு நோக்கி நகர்ந்து அவர்கள் கடலின் பெயரைச் சொன்னது.

"ம். இப்ப நல்லாக் கேக்குது. கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

அவள் குமிழைச் சற்றே பின்னுக்குத் திருப்பினாள்.