கட்டிலுக்குக் கீழே நல்ல காற்று

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் யாராவது அந்தக் காய்ச்சல் காலத்தைப் பற்றி எழுதுவார்கள் என்று இத்தனை வருடம் இருந்து பார்த்தேன். எனக்கோ அப்போது கண்டதன் திகைப்பு இன்னும் தீரவில்லை.

ஐம்பத்தேழில் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது நாங்கள் மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறையைத் துளைக்கும் டிரில் மெஷின்காரர். அந்த மெஷினை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குவார். நானோ, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவர் இருமுவார்தான். எங்கள் லைனில் எந்த ஆம்பளை இருமவில்லை? காலைச் சங்கு ஊதும் முன்பே வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். அதை நோய் என்று யாரும் நினைத்ததில்லை.

இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் காய்ச்சல் கண்டது. என்னால் நிற்க முடியவில்லை. அவர்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அழுதாள்.

"அண்ணா, அக்காவ உசுரோட இட்டுகினு வந்துடுங்க."

"அழுவாதம்மா. அரிசி மூட்டகூட இவளவிட கனமா கீது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் என்னைப் பற்றித்தான் பயம். ஆனால் எனக்குக் காய்ச்சல் விட்டது, கஞ்சி இறங்கியது. எழுந்து நடக்க முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வார்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன்.

கட்டில் காலியாக இருந்தது. பிறகுதான் கண்ணில் பட்டார். கட்டிலுக்குக் கீழே, சிமென்ட் தரையில் குப்புறக் கிடந்தார். கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. உதடு நீலம்.

"இன்னாங்க இது? மேல வாங்க."

"கீழதான் நல்ல காத்து கீது. நீயும் படுமே. பொக போவட்டும்."

சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு புகை சூழ்ந்துகொண்டால் தரையோடு முகத்தை வைத்துக்கொள்வார்களாம். அடியில்தான் கொஞ்சம் நல்ல காற்று நிற்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் ஓடி வந்தார். "மறுபடியும் எறங்கிட்டாரா? இவருக்கு உக்காந்தாதாம்மா மூச்சு வரும்!"

ஆட்கள் சேர்ந்து தூக்கி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூக்கில் ரப்பர் குழாய் வைத்தார்கள். அவர் கண் தரையையே தேடிக்கொண்டிருந்தது.

வேற்று ஆம்பளையிடம் நான் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று டாக்டரை வழிமறித்தேன்.

"என்னையே பொழைக்க வெச்சீங்களே சார், அவருக்கு இன்னா?"

"அதே காய்ச்சல்தாம்மா. உன் நெஞ்சு தாங்கிச்சு. அவர் நெஞ்சுல ஏற்கனவே கல்லுத்தூசி அடைச்சிருக்கு. டிரில்காரங்க வந்தாலே எங்களுக்கு பயமா இருக்கு."

திரும்பி வார்டைப் பார்த்தேன். ஒல்லியான ஆபீஸ் குமாஸ்தாக்கள் கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள். தோள் அகன்ற ஆட்கள்தான் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் எனக்குக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தே வந்தேன்.